அண்ணன் ஆடும் முதல் இரண்டு நகர்த்தல்கள்

சிறுவர் செஸ் போட்டிகளில் அந்தப் பெண் வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்தால், முதல் இரண்டு நகர்த்தல்களையும் செத்துப்போன அவள் அண்ணன்தான் ஆடுவான். ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாய், யாரும் தொடாமலே, இரண்டு கட்டம் போய் நிற்கும். எதிராளி பதில் ஆடியதும் பக்கத்துச் சிப்பாய் தானாகக் கிளம்பி, வெட்டிக்கொள் என்று கழுத்தை நீட்டும். முதல் தடவை எதிராளிப் பையன் அலறியடித்துக்கொண்டு எழுந்தான். நடுவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். செத்தவர்கள் ஆடக்கூடாது என்று எங்கும் போட்டிருக்கவில்லை. "கடிகாரத்தை மட்டும் நீ அமுக்கிடும்மா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அண்ணன் காய்ச்சலில் போனவன். உயிரோடு இருந்தபோதும் அதே தொடக்கம்தான். "விட்டுத்தான்மா பிடிக்கணும்" என்பான். விடுவான், பிடித்ததாகச் சரித்திரம் இல்லை. தங்கையோ பூட்டிய பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிற ரகம். அவன் திறந்துபோட்டுவிட்டுப் போன ராஜாவைக் கட்டிக்காக்க முடியாமல் வெள்ளையில் எல்லா ஆட்டமும் தோற்றாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? செத்தும் கெடுத்தான் என்றார்கள்.

தாய் தையல்காரி. மறுநாள் கொடுக்க வேண்டிய துணிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எல்லாப் போட்டிக்கும் போவாள். மகள் ஜெயிப்பதைப் பார்க்க என்று பக்கத்து வீட்டில் சொல்வாள். பொய். அந்தச் சிப்பாய் நகர்வதைப் பார்க்கத்தான். பெற்ற வயிறு, அவளுக்கு அது போதும்.

ஒரு வருடம், கடைசிச் சுற்றில் வெள்ளையில் ஜெயித்தால் மாநில அணியில் இடம் என்று வந்தது. கூடத்து வாசலில் மகள் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, இன்னைக்கு நானே ஆடட்டுமா? அவன் நகர்த்துறதுக்கு முன்னாடி வேற காயைத் தொட்டுட்டா, விதிப்படி அதைத்தான் ஆடணும். அவனால ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்புறம் வருவானா?"

"தெரியலம்மா."

வேண்டாம் என்ற சொல் தாயின் நாக்கு நுனிவரை வந்தது. ரத்தம் வரும்வரை நகம் கடித்திருந்த மகளின் விரல்களைப் பார்த்தாள்.

"எத்தனை நாளைக்குத்தான் அவன் தோல்வியையும் நீயே சுமப்ப? நீ ஆடு தங்கம்."

மணி அடித்த கையோடு மகள் ராணியின் முன்னாலிருந்த சிப்பாயைத் தொட்டாள். ராஜாவின் சிப்பாய் லேசாக நடுங்கிவிட்டு அப்படியே நின்றது. சாயங்காலம் அவள் ஜெயித்தாள். கூடமே கைதட்டியது. தாயும் தட்டினாள்; பிறகு கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அதன்பிறகு அவன் வரவில்லை. அவள் பெரிய ஆட்டக்காரியாகிப் பல ஊர் போய்வந்தாள். இன்றைக்கும் வெள்ளையில் உட்கார்ந்தால், கடிகாரம் ஓட ஓட, கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள். எதிராளிகளுக்கும் பழகிவிட்டது, தண்ணீர் குடித்தபடி காத்திருப்பார்கள். கூட்டத்தில் தாய் எழுந்து நின்று பலகையையே பார்ப்பாள். அவள் உட்கார்ந்த பிறகுதான் மகள் முதல் காயைத் தொடுவாள்.