மனசண்ணனின் மனைவி

அலமாரிக்குள் உட்கார்ந்துதான் அவர் பேசுவார். தொங்குகிற துணிகள் எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கதவைச் சாத்தி, மனைவியின் உடைகளுக்கு நடுவே தலையை நுழைத்து, மைக்குக்கு முத்தம் கொடுக்கிற தூரத்தில் வாயை வைத்து, "வாங்க... பக்கத்துல உக்காருங்க" என்று தொடங்குவார்.

அலுவலக நேரத்தில் அவர் வேறு ஆள். லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் புகார் தொலைபேசி எடுப்பவர். நடுவழியில் நின்ற லிஃப்டுக்குள்ளிருந்து யாராவது அலறினால், "பதறாதீங்கம்மா, ஆள் வந்துக்கிட்டே இருக்காரு" என்பார். ஆள் அப்போதுதான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்திருப்பார். ஆனாலும் உள்ளே இருப்பவர் அலறலை நிறுத்திவிடுவார். குரல் அப்படி.

இந்தக் குரலை லிஃப்டோடு விட்டுவிடலாமா என்று கூட வேலை செய்கிறவர்கள் ஏற்றிவிட, 'பக்கத்துல உக்காருங்க' என்ற ஒலிக்கதைத் தொடர் பிறந்தது. காதல், கல்யாணம், மாமியார், மருமகள், பேசாமல் போனவர்கள், பேசியே கெட்டவர்கள் என்று வாரம் ஒரு கதை. எல்லாமே தன் வீட்டில் நடந்தது என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார். கேட்டவர்கள் உருகினார்கள். அவருக்கு மனசண்ணன் என்று பேர் வைத்தார்கள்.

அவர் மனைவி மட்டும் கேட்டதில்லை. ஆரம்பத்தில் ஒரு முறை ஆசையாகக் கேட்டபோது, "உனக்கு எதுக்கு? இது உறவுல பிரச்சனை இருக்கறவங்களுக்கு" என்று சொல்லிவிட்டார். அவளும், நமக்குத்தான் பிரச்சனை இல்லையே என்று விட்டுவிட்டாள்.

அவள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். ஒரு நாள் காலை, சோதனை நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. எழுத்துப் பலகையில் முதல் வரியே அவளுக்குக் கலங்கித் தெரிந்தது.

"மருந்து இன்னும் போடவே இல்லையேங்க. ஏன் அழறீங்க?"

"அய்யோ, மன்னிச்சிடுங்க. வெளியில காத்திருந்தப்ப ஒண்ணு கேட்டேன். இந்த மனசண்ணன் அவரு பொண்டாட்டிய பத்திப் பேசுறாரு. இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா! நீங்களும் கொஞ்சம் கேளுங்களேன்."

அந்தப் பெண் காதில் மாட்டியிருந்த இயர்போன்களில் ஒன்றைக் கழற்றி நீட்டினாள். மனைவி வாங்கி மாட்டிக்கொண்டாள். தன் புருஷனின் குரல். ஆனால் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பக்கத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை.

"அவ அடுப்படியில நின்னு அழுதுக்கிட்டிருந்தா. அவங்க அப்பாவோட ரிப்போர்ட் வந்திருந்துச்சு. நான் ஒண்ணுமே பேசல. அடுப்பை அணைச்சேன். தரையில அவ பக்கத்துல உக்காந்தேன். பேச வெக்கிறது இல்லைங்க அன்பு... பேசுற வரைக்கும் காத்திருக்கிறது."

அவளுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. அப்பா வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சொன்ன நாள். அவள் அடுப்படியில் அழுதது உண்மை. அலமாரிக் கதவு திறந்ததும் உண்மை. உள்ளேயிருந்து தலையை மட்டும் நீட்டி அவர் சொன்னது இதுதான்: "கொஞ்சம் மெதுவா அழேன். மைக்ல விழுது."

அப்பாவை ஆபரேஷனுக்குச் சேர்த்தது, கூட இருந்தது, வீட்டுக்குக் கூட்டி வந்தது எல்லாம் அவள் ஒருத்தியே. அவருக்கு அப்போது தொடர் சூடு பிடித்திருந்தது.

அன்று மாலை அவள் சண்டை போடவில்லை. அடுத்து வந்த நாட்களில் பேருந்தில் போகும்போதும் வரும்போதும் எல்லாக் கதைகளையும் ஒன்று விடாமல் கேட்டாள். அதில் வருகிற மனைவிக்கு உடம்பு முடியாவிட்டால் புருஷன் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறார். காலையில் காபி கொண்டுவந்து கொடுத்து எழுப்புகிறார். அவள் வேலையிலிருந்து திரும்பினால் இன்று யாருக்கெல்லாம் கண்ணாடி மாட்டினாய் என்று கதை கேட்கிறார். கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குப் பொறாமைதான் வந்தது. யார் இந்தப் பாக்கியசாலி? ஒரு தடவை, அந்தப் புருஷன் மேல் கொஞ்சம் ஆசைகூட வந்துவிட்டது. அதுதான் அவளை ரொம்பவும் எரிச்சலாக்கியது.

பிறகு ஒரு வேலை செய்தாள். அடுப்படியில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். "சாப்பாடு ரெடியா?"

ஸ்பீக்கர் பதில் சொன்னது. "பசிக்கும்போது நான் முதல்ல அவளைத்தான் கேப்பேன்... நீ சாப்பிட்டியாம்மா?"

அவர் எழுந்து ஓடிவந்தார். "என்ன இது?"

"உங்க குரல்தான். நல்லா இருக்கில்ல?"

"அது கதைடி."

"பின்ன ஏன் எங்க வீட்டுல நடந்ததுன்னு ஆரம்பிக்கிறீங்க?"

"அப்படிச் சொன்னாத்தான் கேக்குறாங்க. நிஜமா நம்ம வீட்டுல நடக்குறதைச் சொன்னா யாரு கேப்பா?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றாள் அவள்.

இதோடு முடிந்திருந்தால் அவர் எப்படியோ சமாளித்திருப்பார். அந்த வாரமே அவருடைய அம்மா தொலைபேசியில் வந்தார். அவர் வெளியூரில் மகள் வீட்டில் இருப்பவர்.

"டேய், எதிர் வீட்டுப் பொண்ணு உன் கதையைப் போட்டுக் காமிச்சா. தினமும் காலையில அம்மாகிட்ட பேசிட்டுத்தான் பல்லே தேய்ப்பேன்னு சொல்லியிருக்கே."

"ஆமாம்மா..."

"யாருடா அந்த அம்மா?"

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார். அம்மா விடவில்லை. "எனக்கு நீ போன் பண்ணியே மாசக்கணக்காகுது. அப்ப இத்தனை நாளா பல்லே தேய்க்கலையா?"

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் அவருக்குப் பெரிய வாய்ப்பு வந்தது. மெத்தை விற்கும் நிறுவனம் ஒன்று, அரங்கம் எடுத்து, ஆட்களைக் கூட்டி, மேடையிலேயே ஒரு கதையைப் பதிவு செய்ய ஏற்பாடு செய்தது. ஏற்பாட்டுக்காரி நிபந்தனை ஒன்று வைத்தாள். கதையில் வருகிற மனைவியை எல்லோரும் பார்க்க வேண்டும். அம்மாவும் வந்தால் இன்னும் நல்லது.

அவர் மனைவியை உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். "என்கிட்ட ரொம்பப் பிடிச்சது என்னன்னு கேப்பேன். நீ, 'நான் சொல்றதையெல்லாம் கேப்பாரு'ன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

"நிஜத்தைச் சொல்லலாமா?"

"உனக்கு மனசுல என்ன தோணுதோ, நான் சொல்லிக்கொடுத்த மாதிரி சொல்லு."

அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் ஒரு புது மெத்தைக் கட்டில், அதன் முன்னால் இரண்டு நாற்காலிகள். முதல் வரிசையில் அம்மா. மனைவி மேடையேறியதும் எழுந்த கைதட்டலில் அவருக்கே கொஞ்சம் பொறாமை வந்தது. உருக்கமாக நாலு வார்த்தை பேசிவிட்டு, அவள் பக்கம் திரும்பினார்.

"சொல்லும்மா. என்கிட்ட உனக்கு ரொம்பப் பிடிச்சது என்ன?"

"கேக்குறதுதாங்க" என்றாள் அவள்.

அரங்கம் உருகியது. அவர் கண்ணை மூடி அதை அனுபவித்தார்.

"எப்பவும் கேட்டுக்கிட்டேதான் இருப்பாரு. என் சட்டை எங்க, செருப்பு எங்க, சாப்பாடு என்னாச்சுன்னு."

அரங்கம் வெடித்துச் சிரித்தது. அவரும் சிரித்தார், கண்ணால் அவளைக் கெஞ்சிக்கொண்டே. அவள் நிறுத்தவில்லை. காபி டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்று இவரை இப்போதே கேட்டுப் பாருங்கள் என்றாள். கூட்டம் "சொல்லுங்கண்ணா!" என்று கத்தியது. அவருக்குத் தெரியவில்லை. சிரிப்பு இன்னும் ஏறியது.

அப்போது அவளுக்கு அந்த நாளையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. குரலை உயர்த்தாமல் சொன்னாள். "எங்கப்பாவுக்குக் கட்டின்னு தெரிஞ்ச அன்னிக்கு நான் அடுப்படியில நின்னு அழுதேன். இவரு அலமாரிக்குள்ளேருந்து தலையை நீட்டி, மெதுவா அழு, மைக்ல விழுதுன்னாரு."

அதற்கும் சிரித்தார்கள். முன்பைவிட அதிகமாக. பின்வரிசையில் ஒருவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பது மேடைக்கே தெரிந்தது. அவள் தன் புருஷனைப் பார்த்தாள். அவர் முகம் வெளிறியிருந்தது. இந்த ஒரு இடத்திலாவது ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள்.

அவரும் சொன்னார். "பாத்தீங்களா? வீட்டுலயும் இப்படித்தாங்க, என்னை வெச்சு ஓட்டிக்கிட்டே இருப்பா!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. முதல் வரிசையிலிருந்து அம்மா எழுந்தார். "சிரிக்காதீங்க! அவ நிஜத்தைச் சொல்றா. இவன் எனக்குப் போனே பண்ணமாட்டான்!"

அவ்வளவுதான். குடும்பமே கைதேர்ந்த கலைக்குடும்பம் என்று அரங்கம் முடிவு கட்டிவிட்டது. ஆட்கள் எழுந்து நின்று தட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் ஏற்பாட்டுக்காரி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "என்னமா பேசினீங்க! நடிச்ச மாதிரியே இல்ல!"

"நடிக்கலைங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன்! மூணு பேரையும் வெச்சு ஒரு தொடரே பண்ணிடலாம்."

மனைவி மாமியாரின் கையைப் பிடித்தாள். "வாங்க அத்தை, போலாம்." மாமியாரைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, வீட்டிலிருந்த தன் துணிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மனசண்ணன் முதல் இரண்டு நாள் நிஜமாகவே தவித்தார். மூன்றாம் நாள் அலமாரிக்குள் போய் உட்கார்ந்து, 'அவள் இல்லாத வீடு' என்று ஒரு கதை பேசினார். துணிகள் இல்லாமல் அலமாரி காலியாகிவிட்டதால் குரல் கொஞ்சம் எதிரொலித்தது. அந்த எதிரொலிதான் வெறுமையை என்னமாய்க் காட்டுகிறது என்று கேட்டவர்கள் பாராட்டினார்கள். அதுவரை அவர் பேசியதிலேயே அதைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். அங்கே யாரும் இல்லை. அடுப்பின் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து அலமாரியில் உட்காரப் பிடிக்கவில்லை.

மறுநாள் கண்ணாடிக் கடைக்குப் போனார். அவள் ஒரு பெரியவருக்குக் கண்ணாடிச் சட்டம் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். காத்திருப்பவர்களின் பெஞ்சில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார். அவளுக்குக் கை ஒழிந்ததும் எழுந்து, மைக்குக் குரலில் ஆரம்பித்தார்.

"நான் உன்னை ரொம்ப..."

"அந்தக் குரல்ல வேண்டாம்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வேறு குரலைத் தேடிப் பார்த்தார். வெளியே வந்தது சன்னமாக, கொஞ்சம் கீச்சென்று இருந்தது.

"அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ரெக்கார்ட் ஆகுதா?"

அவர் போனை எடுத்து அணைத்து அவள் மேசையிலேயே வைத்தார்.

"என்னை ஏன் கேக்குறீங்க? அவரு வீட்டுலதான் இருக்காரு. நேரா போய்க் கேளுங்க."

போனார். மாமனார் கதவைத் திறந்து, "வாங்க மாப்ள, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று உள்ளே அழைத்தார். அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பேச ஆள் கிடைத்தால் விடுகிற மனுஷன் இல்லை. கட்டியை முதலில் கையால் தொட்டுப் பார்த்ததிலிருந்து தொடங்கினார். எந்த டாக்டர் என்ன சொன்னார், பக்கத்துக் கட்டில்காரர் எப்படிக் குறட்டை விட்டார், மகள் எந்த நாற்காலியில் தூங்கினாள் எல்லாம் வந்தது. மருமகன் நடுவில் ஆறுதலாக நாலு வார்த்தை போடப் பார்த்தார். "இருங்க, சொல்லி முடிச்சிடுறேன்" என்று மாமனார் கையமர்த்தினார். சட்டையைத் தூக்கித் தையல் போட்ட இடத்தைக் காட்டினார். அதைப் பார்த்ததும் மருமகனுக்குத் தலை சுற்றியது. இத்தனை பெரிய தழும்பு என்று தான் பேசிய எந்தக் கதையிலும் அவர் சொன்னதில்லை.

மாலையில் அவள் வந்தபோதும் மாமனார் முடித்திருக்கவில்லை. அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, கதவருகே நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

சில வாரம் கழித்து அவள் வீடு திரும்பினாள். இனிமேல் நானோ எங்கப்பாவோ உங்கம்மாவோ எந்தக் கதையிலும் வரக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். அவர் ஒப்புக்கொண்டார். அதன் பிறகு அவருக்குச் சொல்ல லிஃப்டைத் தவிர எதுவும் இல்லை. லிஃப்டுக்குள் சிக்கிய காதலர்கள் என்று ஒன்று முயற்சி செய்தார், எடுபடவில்லை. மெத்தைக்காரர்கள் வேறொரு அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். கேட்டவர்களில் பலர், மனசண்ணனுக்குப் பெண்டாட்டி மேல் பாசம் விட்டுப்போச்சு என்று வருத்தப்பட்டு எழுதினார்கள். அவளைப் படிக்கச் சொல்லி அவர் அதையெல்லாம் காட்டினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தாள்.

"பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.