அ கூண்டு, ஆ கூண்டு

1

இந்தக் கதை எலிக்கூண்டு கழுவுகையில் கிடைத்தது. கொச்சி மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் மூட்டை சுமந்து இடுப்பு விட்டுப்போன பிறகு, பல்கலைக்கழகத்தில் எனக்கு அந்த வேலை. எழுத்துக் கற்றதும் அதற்கப்புறம்தான். நீளமான வாக்கியம் தூக்கினால் இப்போதும் மூச்சு வாங்கும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மதுவந்தி டீச்சர் பெரிய விஞ்ஞானி.’ [அடித்துவிட்டேன். பெரிய விஞ்ஞானியை வருஷாவருஷம் ஒப்பந்தத்திலேயே வைத்திருப்பார்களா?]

2

மூளைக்கு மருந்து தேடுவது டீச்சரின் வேலை. இந்தத் தடவை ஜாதிக்காய். மறதி வந்த கிழட்டு எலிகளில் பாதிக்கு அதன் சாறு, பாதிக்கு வெறும் தண்ணீர். கூண்டுகளில் ‘அ’, ‘ஆ’ என்று மட்டும் ஒட்டியிருக்கும். எதில் மருந்து என்று டீச்சர் அறியக்கூடாது. அறிந்தால் ஆசைப்பட்ட பக்கம் கண் சாயுமாம். புட்டி நிரப்புகிற எனக்கு மட்டும் தெரியும். (மணம் காட்டிக்கொடுக்காதா? இரண்டிலும் மணம் கலந்திருந்தது. கேட்பீர்கள் என்று தெரியும்.)

‘ஆ’ எலிகள் வழி மறக்காமல் தீனிக்கு ஓடின. ‘ஆ’ மருந்தென்றால் டீச்சருக்கு வேலை நிரந்தரம். தண்ணீரென்றால் மார்ச்சோடு வீட்டுக்கு.

“ராஜா சேட்டா, முகத்தெ அப்படி வெச்சுக்காதீங்கோ.”

“எப்படி வச்சிருக்கேன் டீச்சர்?”

“எல்லாம் அறிஞ்ச ஆளாட்டம்.”

“அப்போ முதுகைக் காட்டிட்டு நிக்கேன். அதுல ஒண்ணும் எழுதியிருக்காதுல்லா?”

அன்றிலிருந்து எலி ஓடும்போதெல்லாம் சுவரைப் பார்த்து நின்றேன்.

3

இந்த இடத்தில் டீச்சரை என்னாலேயே நம்ப முடியவில்லை. ஒரு நாள் துறைத்தலைவர் அறையிலிருந்து வந்தவர்...

[இந்த வாக்கியத்தைப் பல தடவை பாதியில் போட்டிருக்கிறேன்.]

வந்தவர், “‘ஆ’ தானே மருந்து? பேச வேண்டாம், தலையை மட்டும் ஆட்டுங்கோ. இல்லேன்னா இப்பவே வேற எலி வெச்சுத் தொடங்கிடலாம்” என்றார்.

இவரா கேட்டார்? யார் நம்புவார்கள் என்று வெட்டினேன். மனசு கேட்காமல் திரும்ப எழுதி, பஜார் ரோட்டுச் சாயாக்கடையில் அவரிடமே வாசித்துக் காட்டினேன்.

“நான் கேக்கலையே.”

“கேட்டீங்க டீச்சர்.”

சாயாவில் கட்டிய ஆடையை ஸ்பூனால் ஒதுக்கினார். பிறகு, “கேட்டேன். எழுதிக்கோங்கோ. பட்சே நீங்க என்ன பண்ணினேள்னும் எழுதணும்” என்றார்.

எழுதுகிறேன். அன்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். முதுகுக்குப் பின்னால் கூண்டுக் கதவு திறந்தது. அப்புறம் எலியை ஓடவிடும் சத்தம் கேட்டது.

4

முடிவு ‘அ’: அறைக்கதவில் அவர் பெயர்ப்பலகை ஏறியது. ஏணியைப் பிடித்தவன் நான்.

முடிவு ‘ஆ’: மார்ச் கடைசியில் அவருடைய புத்தகப்பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொடுத்தேன். “வெறும் தண்ணிக்கு நல்ல ஞாபகசக்தியாக்கும்” என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

இரண்டில் ஒன்று நடந்தது. நீங்கள் எதற்கு ஆசைப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரிகிறது. என் முகத்தைப் பார்க்காதீர்கள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.