நான்கை அடித்து எழுதிய பத்து

வகுப்பில் எனக்கு 'நோட்டு' என்று பெயர். எதையும் எழுதி வைப்பேன், எழுதியதை இரண்டு முறை சரிபார்ப்பேன், அதற்குப் பிறகும் சந்தேகப்படுவேன். அண்ணன் எனக்கு நேர் எதிர். ஒன்பது வருடம் ஏசி குழாய்களைப் பற்றவைத்த கை அவனுடையது.

ஆனால் மருத்துவமனையில் ஆக்சிஜன் போகும் செம்புக் குழாய்களைத் தொட அந்தக் கை மட்டும் போதாது. தேர்வெழுதித் தகுதி அட்டை வாங்க வேண்டும். புதிய கட்டடத்தில் திங்கட்கிழமை வேலை ஆரம்பம். அட்டையோடு வந்தால் அண்ணன்தான் குழுவுக்குத் தலைவன் என்று ஒப்பந்தக்காரர் சொல்லியிருந்தார். அதற்காகவே இருவரும் நான்கு மாதம் மாலை வகுப்புக்குப் போனோம். எனக்குக் கிடைத்தால் நல்லது. அவனுக்குக் கிடைத்தே ஆக வேண்டும். மொட்டை மாடிகளில் ஏசி தூக்கித் தூக்கி அவன் முதுகு போய்விட்டது.

இந்த வேலையில் உயிரே ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது. பற்றவைக்கும்போது குழாய்க்குள் காற்று இருந்தால் உட்புறம் கருகும். அந்தக் கருகல் பின்னாளில் செதிலாக உதிர்ந்து ஆக்சிஜனோடு நோயாளியிடம் போகும். அதனால் குழாய் ஆறும்வரை உள்ளே நைட்ரஜன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சிலிண்டரிலிருந்து தரையில் ஓடும் ரப்பர் ட்யூப் வழியாக அது வரும். சிலிண்டரின் மேல் ஒரு கண்ணாடிக் குழல், அதற்குள் மிதக்கும் சிறு குண்டு. குண்டு பத்தில் நிற்க வேண்டும். ஒருவர் பற்றவைக்க, மற்றவர் அரை நிமிடத்துக்கு ஒருமுறை அளவைத் தாளில் எழுத வேண்டும். குண்டு இறங்கினால் கத்த வேண்டும்.

முதல் வாரத்தில் நான் கத்தியிருக்கிறேன். வகுப்பே வேலையை நிறுத்தியது. ஆசிரியர் வந்து பார்த்தால் குண்டு பத்திலேயே இருந்தது. நான்தான் சாய்ந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். "நோட்டு, இறங்குனது குண்டு இல்ல, உன் கழுத்து," என்றார் எதிர்மேசைக்காரர். அதன்பின் நான் கத்தியதே இல்லை.

வெள்ளிக்கிழமை தேர்வு. ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிட்டார்: "ஏதாவது தப்பு நடந்தா, உள்ள பாக்குறதுக்காகக் குழாயை அறுக்குறதுக்கு முன்னாடி சொல்லுங்க, வேற குழாய் தரேன். அறுத்த பிறகு வந்து அழாதீங்க."

அண்ணன் முதலில் நின்றான். "என்ன நோட்டு, நான் தும்முனா அதையும் எழுதுவியா?"

"எழுதுவேன். நேரம் போட்டு."

சிரித்துக்கொண்டே தீயைப் பற்றவைத்தான். பத்து. பத்து. இன்னும் நேராகப் பார்க்கலாமே என்று ஸ்டூலை முன்னால் இழுத்து உட்கார்ந்தேன். நான்கு. கத்த வாயைத் திறந்தேன். கழுத்தாகத்தான் இருக்கும் என்று மூடிக்கொண்டேன். மறுபடியும் நான்கு. எழுந்து நின்று பார்த்தேன், பத்து! அப்பாடா என்று இருந்தது. இரண்டு நான்கையும் அடித்துப் பத்து என்று எழுதினேன்.

அடுத்து என் முறை. குண்டைப் பார்க்க வந்த அண்ணன் குனிந்து, "ஏய், ஸ்டூல் காலு ட்யூப் மேல நிக்குது பாரு," என்று தள்ளிப் போட்டு உட்கார்ந்தான். அதற்குமேல் அவன் எதுவும் யோசிக்கவில்லை. நான் உட்கார்ந்தபோது நான்கு, எழுந்தபோது பத்து.

என் குழாயை எப்படி முடித்தேன் என்று தெரியவில்லை. அறுப்பதற்குப் பத்து நிமிடம் இருந்தது. சொன்னால் ஏன் அடித்து எழுதினேன் என்றும் சொல்ல வேண்டும். ஒரு நிமிடத்தில் என்ன பெரிதாகக் கருகிவிடும் என்றும் தோன்றியது. ஆசிரியரிடம் சொல்ல மூன்று வாக்கியங்களை மனத்துக்குள் எழுதினேன். இரண்டாவதைத் திருத்திக்கொண்டிருந்தபோது ரம்பத்தின் சத்தம் கேட்டது.

என் குழாய் உள்ளே புதுச் செம்பாகவே இருந்தது. அவனுடையது இணைப்பைச் சுற்றி அடுப்புக்கரியாக இருந்தது. ஆசிரியர் தாளை மேலோட்டமாகப் பார்த்து என்னிடமே திருப்பித் தந்தார். "எல்லாம் பத்துதான். அப்ப ஆறுறதுக்குள்ள நைட்ரஜனை மூடியிருக்கீங்க."

"தொட்டுப் பார்த்துத்தான் சார் மூடினேன்," என்றான் அண்ணன். பிறகு தன் விரல் நுனிகளைப் பார்த்தான். அட்டை எனக்கு மட்டும் கிடைத்தது.

பேருந்தில் அவன் ஒரே ஒரு முறைதான் பேசினான். "இத்தனை வருஷம் சுட்டுக்கிட்டதுல கையில சுரணையே போயிடுச்சு போல." சனிக்கிழமை முழுவதும் அடுப்பிலிருந்து இறக்கும் பாத்திரங்களை விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அம்மா, "என்னடா, பாத்திரத்தைக் கொஞ்சிக்கிட்டிருக்க?" என்று சிரித்தாள். நான் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவனிடம் சொன்னேன். தயார் செய்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை.

"எத்தன காட்டுச்சு?"

"நாலு."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு நிமிஷம். நான் உக்காந்திருந்த ஸ்டூல்தான் அண்ணா, ட்யூப் மேல."

கையைத் திருப்பிப் பார்த்தான். "அப்ப எனக்குச் சூடு தெரியுது."

"தெரியுது."

"ரெண்டு நாளா என்னென்னவோ நெனச்சிட்டேன்டி."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

திங்கள் காலை அவன் பழைய ஏசி பையைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டு மொட்டை மாடிக்கோ போனான். மருத்துவமனை வேலை வேறொருவர் தலைமையில் ஆரம்பித்திருக்கும். மாலையில் நான் தாளை எடுத்துப்போய் ஆசிரியர்முன் வைத்தேன். அடித்த இரண்டு நான்குகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் அட்டையை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டார். "மூணு மாசம் கழிச்சு ரெண்டு பேரும் வாங்க."

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டினான்.

"அன்னைக்கு உனக்குக் குண்டு யாரு பார்க்குறது?" என்று கேட்டேன்.

"எதிர்மேசைக்காரரக் கேட்டிருக்கேன்," என்றான், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.