நாலு துளைப் பொத்தான்

"தோள் பதினெட்டரை." அளவு நாடாவை உருவி எடுத்து, அக்கா அடுத்த சட்டையைத் தையல் மேசைமேல் விரித்தாள். "இது பதினாறு. பாருங்க சார், நீங்களே பாருங்க. ஒரே ஆளுக்கு ரெண்டு தோளா?"

ராணுவத்திலிருந்து வந்திருந்த அதிகாரி பேனாவை மூடவில்லை. அவர் மடியில் ஒரு தாள் இருந்தது. நாலு மணிக்குச் சவப்பெட்டி வரும். மூடி முத்திரை வைத்த பெட்டி, திறக்கக் கூடாது. அடக்கத்தின்போது படிக்க, இறந்தவனைப் பற்றிப் பத்து வரி வேண்டும் என்று வந்திருந்தார். ஒரு மணி நேரமாக அப்பாதான் சொல்லிக்கொண்டிருந்தார். பயம் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளையாம். பிறந்ததிலிருந்தே போர்க்களக் கனவாம்.

"யாருப்பா? தெருவில டயர் வெடிச்சா என் மிஷினுக்கு அடியில பூந்துக்குவானே, அவனா?" என்று கேட்டுவிட்டு, அதற்குமேல் சும்மா உட்கார முடியாமல்தான் அக்கா பையைத் திறந்தாள். தம்பியின் பை. அதிகாரி கையோடு கொண்டுவந்தது. முதுகுப்புறம் மேலே தெரிய மடித்த மூன்று சட்டைகள், ஒரு சோப்புப் பெட்டி, ஒரு ஜோடி செருப்பு. சட்டையைத் தொட்டதுமே அவள் கைக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மூன்றாவதையும் அளந்தாள். "பத்தொம்பது. என் தம்பிக்குப் பதினேழு. அவன் பிறந்ததிலேர்ந்து இந்தக் கைதான் அவனுக்குத் தைக்குது."

"அங்க போய் உடம்பு போட்டிருப்பான்மா," என்றார் அப்பா.

"ஒரு சட்டைக்குப் பெருத்து, இன்னொரு சட்டைக்கு இளைப்பானாப்பா?"

அதிகாரி எழுந்து வந்தார். ஒவ்வொரு காலரையும் திருப்பி, உள்ளே மையால் எழுதியிருந்த படைவீரர் எண்ணைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடியும் காலரைப் பார்த்தார்.

"இது அவர் நம்பர் இல்ல."

"எது?"

"மூணுமே. மூணும் வேற வேற ஆளோடது."



"பை மாறியிருக்கு," என்றாள் அக்கா. குரல் அவளை மீறி உயர்ந்தது. "பை மாறினா ஆளும் மாறியிருக்கலாம் இல்ல?"

"அப்படியெல்லாம் நினைச்சுடாதீங்கம்மா..."

"நீங்க அவனைப் பாத்தீங்களா? உங்க கண்ணால?"

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "பேப்பர் வந்துச்சு. பேப்பரைத்தான் பாத்தேன்."

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. இரண்டு நாளாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த அம்மா வாசற்படியில் வந்து நின்றாள்.

"என்னடி சொல்ற?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். "சட்டை அவனோடது இல்லம்மா."

அம்மா மூன்று சட்டைகளையும் பார்த்தாள். பிறகு அவிழ்ந்து கிடந்த தலைமுடியை அள்ளி முடிந்தாள். "அதானே பாத்தேன். பள்ளிக்கூடத்திலயே ரெண்டு தடவை இவன் மார்க்கை வேற எவனுக்கோ போட்டாங்க. எங்க போனாலும் இவனுக்கு இதே கூத்து." விடுவிடுவென்று சின்னவன் அறைக்குள் போனாள். மெத்தையைத் தட்டும் சத்தம் கேட்டது. "ஏங்க, இந்த ஜன்னலைத் திறந்து விடுங்க. புழுங்குது. வந்தா எப்படிப் படுப்பான்?"

அப்பா அக்காவைப் பார்த்தார். பிறகு போய் ஜன்னலைத் திறந்தார்.

அதிகாரி வாசலில் நின்று போன் போட்டுக்கொண்டிருந்தார். மணி இரண்டரை. அக்கா மிஷினுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். சாக்குக்கட்டியை எடுத்தாள், வைத்தாள். எண்ணெய்ப் புட்டியைத் திறந்து மூடினாள்.

"கிடைச்சுதா சார்?"

"மணி அடிக்குது. எடுக்க மாட்டேங்கிறாங்க."

"வேற நம்பருக்குப் போடுங்க. ஒரே நம்பரா வெச்சிருக்கீங்க இவ்வளவு பெரிய படைக்கு?"

ஆள் மாறியிருந்தால், அந்தப் பெட்டி போகவேண்டிய வீடு வேறு எங்கோ இருக்கிறது. அங்கேயும் ஒரு அக்கா இந்நேரம் ஏதோ வேலையாக இருப்பாள். அந்த நினைப்பை அவள் அவசரமாக மடித்து ஓரத்தில் வைத்தாள். மூன்றரைக்கு முகம் கழுவினாள். மறுபடி வந்து, கை சும்மா இருக்க மறுத்ததால் சட்டைகளை மடிக்கத் தொடங்கினாள். பத்தொன்பது தோள் சட்டையை முன்பக்கம் திருப்பினாள்.

மேலிருந்து இரண்டாவது பொத்தான்.

நாலு துளைப் பொத்தானை எல்லாரும் இரண்டு கோடாகத் தைப்பார்கள். இல்லையென்றால் பெருக்கல் குறியாகத் தைப்பார்கள். இதில் ஒரே துளையிலிருந்து மற்ற மூன்று துளைகளுக்கும் நூல் விரிந்திருந்தது, காக்காய் காலடி மாதிரி. அவள் தையல் கடையில் உதவி செய்கிறேன் என்று வந்து உட்கார்ந்த நாளிலிருந்து அவன் இப்படித்தான் தைத்தான். "பெருக்கல் போடுடா, காக்கா காலைப் போடாத" என்று எத்தனை தடவை கத்தியிருப்பாள். "பொத்தான் நிக்குதா இல்லியா? நிக்கிறதுதானேக்கா அதோட வேலை" என்பான். அவன் தைத்த ஒவ்வொன்றையும் பிரித்து அவள் மறுபடி தைத்துத்தான் கொடுப்பாள். இந்தத் தப்பை வேறு யாரும் செய்து அவள் பார்த்ததில்லை.

பதினெட்டரை சட்டையைத் திருப்பினாள். கைப்பட்டையில் ஒரு காக்கா கால், காலரடியில் ஒன்று. பதினாறு சட்டையின் மார்புப் பையில் இருந்த பொத்தானில், ஒரே துளையிலிருந்து இரண்டு கோடுகள்தான் விழுந்திருந்தன. துணியில் ஊசி குத்தியபடியே இருந்தது. மீதி நூல் தொங்கியது.

"தலையணை உறையை எங்கடி வெச்ச?" உள்ளேயிருந்து அம்மா. "அந்த நீலக் கலரு."

அக்கா தொங்கிய நூலை விரலால் பிடித்தாள்.

வாசலில் அதிகாரியின் குரல் தணிந்து கேட்டது. "ம்... ம்... சரி, லைன்ல இருங்க." போனைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார். "அம்மா... அந்தச் சட்டை..."

"அவன்கிட்டத் தைக்கக் கொடுத்தது," என்றாள் அக்கா.

அவர் தலையசைத்தார். "அவர் கட்டில்மேல இருந்ததை அப்படியே எடுத்துக் கட்டிட்டாங்களாம். கூட இருந்தவங்க எல்லாருக்கும் அவர்தான் தைப்பாராம். அங்க அவர் பேரே பொத்தான்தானாம்."

"இந்தச் சட்டைக்காரங்க மூணு பேரும் இருக்காங்களா?"

அவர் பொத்தியிருந்த கையை எடுத்து, போனில் கேட்டார். "இருக்காங்களாம்."

"அப்ப அவங்களுக்குச் சட்டை வேணுமே."

உறை போடாத தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி அம்மா அறை வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. அக்கா சட்டையைத் தூக்கிப் பொத்தானைக் காட்டினாள். அம்மா கிட்டே வந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள்.

"இன்னும் இப்படித்தான் தைக்கிறானா?" என்றாள்.

திறந்த ஜன்னல் காற்றில் ஒருமுறை அடித்துக்கொண்டது. அப்பா போய் அதைக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்து, அதிகாரிக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"சார், நான் சொன்னதையெல்லாம் அடிச்சிருங்க. பொத்தான் தைப்பான்னு எழுதிக்குங்க." மேசைமேல் கிடந்த சட்டைகளைப் பார்த்தார். "தப்பாத்தான் தைப்பான். ஆனா நிக்கும்."

அதிகாரி தாளை முழங்கால்மேல் வைத்து எழுதினார்.

அக்கா முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பழக்கத்தில் கை கத்தரிக்கோலுக்குப் போனது, பிரிப்பதற்கு. எடுத்ததை மேசைமேல் வைத்தாள். பதினாறு சட்டையின் துணியிலிருந்து ஊசியை உருவினாள். தலையணையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, சட்டை நழுவாமல் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் கனமான வண்டி ஒன்று வந்து நின்றது. அக்கா அவன் தொடங்கிய அதே துளையிலேயே ஊசியை ஏற்றி, மூன்றாவது கோட்டைப் போட்டாள்.