மூன்றாவது வார்த்தை

சாவி, குடை, எலுமிச்சை. வயதானவர்களின் ஞாபகத்தைச் சோதிக்கப் பதினோரு வருடமாக நான் சொல்லும் வார்த்தைகள் இவைதான். ஆளுக்கு ஆள் மாற்றச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. அனுப்பியவர்கள் ஒரு நாளாவது என்னோடு நாலு மாடி ஏறிப் பார்க்கட்டும். அந்த ஒரு நாள் வரை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மூன்றும் என் வாயில் வரும்.

அன்று காலை ஏறிய மாடிப்படி எனக்குத் தெரிந்ததுதான். போன வருடம் அதே வீட்டில் ஒரு பெரியவரின் மனைவியைச் சோதித்தேன். இப்போது அந்தப் பெரியவரின் முறை. பதினெட்டு மதிப்பெண் வந்தால் தன் வீட்டிலேயே இருக்கலாம். குறைந்தால் காப்பகம். கடைசிக் கேள்வியில், இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொன்னாலும் காப்பகம்தான்.

மகன் காதில் போனோடு கதவைத் திறந்தார். "சீக்கிரம் முடிச்சிடுங்க சிஸ்டர். அப்பா தனியா பேசிக்கிட்டே இருக்காரு," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். பெற்ற தகப்பனை ஒப்படைக்க என்ன அவசரமோ என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பெரியவர் பளிச்சென்று சவரம் செய்து உட்கார்ந்திருந்தார். ஜன்னலோர நாற்காலியில் நான் உட்காரப் போனேன்.

"அது வேண்டாம்மா. இந்த ஸ்டூல்ல உக்காருங்க."

மூன்று வார்த்தைகளைச் சொன்னேன். தேதி கேட்டேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன்.

"இந்த வயசுல கூட்டச் சொன்னா சந்தோஷமா இருக்கும்," என்றார். ஆனாலும் பிசகாமல் கழித்தார்.

பிறகு தரையில் நான் ஒட்டிய டேப் வரை நடந்து திரும்பச் சொன்னேன். திரும்பும்போது காலி நாற்காலிக்கு முன்னால் சற்று விலகி நடந்தார். யாரோ நீட்டியிருக்கும் காலை மிதிக்காமல் போவதுபோல் இருந்தது.

"முதல்ல சொன்ன மூணு வார்த்தை என்ன? அவசரமில்ல, மெதுவா யோசிங்க." எல்லோரிடமும் நான் சொல்வது இது. அவர் மூன்றையும் ஒழுங்காகச் சொன்னார். மொத்தம் இருபத்தாறு. மனுஷன் தப்பித்தார் என்று நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

"இங்க இல்லாதவங்க குரல் ஏதாவது கேக்குதா ஐயா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் நாற்காலியைப் பார்த்தார்.

"பொய் சொல்ல வரல. மூணாவது வார்த்தை என்னன்னு இவ கேட்டுக்கிட்டே இருக்கா. நான் சொன்னா ஒத்துக்க மாட்டேங்குறா. உங்க வாயால வரணுமாம்."



போன வருடம் இரண்டு வார்த்தை சொன்னதும் என் போன் அடித்தது. பேசி முடித்து, மூன்றாவதைச் சொன்னதாக நினைத்து அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். மூன்றையும் திருப்பிக் கேட்டபோது, "ரெண்டுதானேம்மா சொன்னே," என்றார் அந்த அம்மா. பிடிவாதம் என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தேன். பதினேழு. காப்பகத்துக்குப் போய் நாற்பதாம் நாள் இறந்துபோனார். சோதித்த அன்று பஸ்ஸில் திரும்பும்போதே என் தப்பு எனக்கு உறைத்தது. வேலை போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை.

இப்போது பேனா 'ஆம்' கட்டத்தின் மேல் நின்றது. ஒரு டிக் போட்டால் போதும், இவரும் போய்விடுவார். பிறகு இவர் சொல்வதை யாரும் நம்பப்போவதில்லை. அப்படியும் நினைத்தேன், வெட்கமாக இருக்கிறது.

"சொல்லிடுங்கம்மா," என்றார் பெரியவர். "அதுக்குத்தான் உக்காந்திருக்கா."

நாற்காலியைப் பார்த்து வாயைத் திறந்தேன். "சாவி. குடை."

அடுத்தது வரவில்லை. ஐந்து நிமிடம் முன்பு நானே சொன்ன வார்த்தை.

"அவசரமில்ல, மெதுவா யோசிங்க."

பெரியவரின் உதடு அசையவில்லை. குரல் ஜன்னல் பக்கமிருந்து வந்தது, நான் இழுத்துச் சொல்வது போலவே.

'இல்லை' கட்டத்தில் டிக் போட்டுவிட்டு எழுந்தேன். பெரியவர் இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். நானும் வாரம் தவறாமல் நாலு மாடி ஏறி, அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன். முதல் வரியில் நான் எழுதிய மூன்றாவது, அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரியைக் கேட்டு எழுதியது. எழுதி முடித்த கையோடு மறந்துவிட்டது.