மைதானத்துக்கு ஒரு கம்பளம்

ஒஹையோவின் அந்தப் புறநகர்ப் பள்ளி வாரியத்தில் டோரீன் ஹஃப்மன் ஓர் உறுப்பினர். பிழைப்புக்குத் தரைக் கம்பளக் கடை வைத்திருந்தாள். அன்றைய கூட்டத்தில் இரண்டு கோரிக்கைகள், நிதியில் ஒன்றுக்குத்தான் இடம். கால்பந்து மைதானத்துக்குப் புதுச் செயற்கைப் புல்லா, வாசிக்கத் திணறும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனி ஆசிரியையா? வாக்கெடுத்தால் புல்தான் ஜெயிக்கும். ஊரே திரளும் வெள்ளிக்கிழமைப் பள்ளி ஆட்டத்துக்கு எதிராகப் பேசியவர் யாரும் அந்த ஊரில் மறுபடி வாரியத்துக்குத் தேர்வானதில்லை.

அதனால் டோரீன் புல்லை எதிர்க்கவே இல்லை. புல் விற்பனையாளர் வெர்னன் நீட்டிய பாயளவு மாதிரித் துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்; பிறகு அவருடைய விலைப்பட்டியலைப் புரட்டினாள்.

"சேதாரம்னு நூத்துக்கு இருபது போட்டிருக்கீங்களே, எதுக்கு சார்?"

"வெட்டும்போது வீணாகும் மேடம்."

"வளைஞ்ச மாடிப்படிக்கே நான் பத்துதான் போடுவேன். இது நீள்சதுர மைதானம். எங்கே வளைக்கப் போறீங்க?"

வாரியத் தலைவர் சிரித்துவிட்டார். வெர்னன் கைக்குட்டையைத் தேடினார்.

"சரி, அஞ்சு."

"மூணு. பழைய புல்லைச் சுருட்டி எடுத்துட்டுப் போற கூலியும் உங்களோடது."

"என் பிள்ளைங்களும் சாப்பிட வேண்டாமா மேடம்?"

"நல்லா சாப்பிடட்டும். எங்க பிள்ளைங்க படிக்க வேண்டாமா?"

மிச்சமான தொகையில் ஆசிரியைக்கு ஒரு வருடச் சம்பளம் அடங்கியது. இரண்டு கோரிக்கைகளும் ஒருமனதாக நிறைவேறின.

மாதிரித் துண்டை மட்டும் டோரீன் திருப்பிக் கொடுக்கவில்லை. வாசிப்பு அறையில் பிள்ளைகள் உட்கார்ந்துகொள்ளட்டும் என்று சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள்.