தளத்தில் கெங்கம்மா சிரித்த நாள்

மாம்பலம் ஏரியைத் தூர்த்துப் புதுசாய் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். ஒரு மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிப் பெண்கள் தளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். வரிசையாகக் குந்தி, பாட்டுக்கு ஏற்றபடி கட்டையை ஓங்கி அடிக்க வேண்டும். தளம் இறுகுவதற்கு ஒருத்தி கடுக்காய்த் தண்ணீர் தெளித்துக்கொண்டே வருவாள்.

முன்பெல்லாம் அந்தத் தண்ணீர் வேலையைக் கெங்கம்மாதான் கேட்டு வாங்கிக்கொள்வாள். கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்து, இருமினால், தும்மினால், கட்டையை ஓங்கினால் அவளுக்கு மூத்திரம் கசிந்துவிடும். அதனால் தெளிக்கிற தண்ணீரைத் தன் புடவையிலும் வேண்டுமென்றே கொட்டிக்கொள்வாள். ஈரம் மறைந்தது, நாற்றம் மறையவில்லை. கடைசியில் வேலைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

"புள்ள பெத்தவளுக்கு இதெல்லாம் கீறதுதான்" என்றான் புருஷன் பக்கிரி. அவளும் அப்படித்தான் நம்பினாள். பிள்ளைக்கு ஜுரம் என்று ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில், டாக்டரம்மா அவள் புடவையைப் பார்த்துக் கேட்டுவிட்டாள். இது சரிபண்ணக்கூடிய நோவுதான் என்றாள். ஆபரேஷன் நடந்தது. மழைக்காலம் முழுக்க வீட்டில் கிடந்தாள். தலைச்சுமை மட்டும் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

இன்று மறுபடி வரிசையில் குந்தியிருக்கிறாள். ஆபரேஷன் வயிற்றுக் கட்டிக்கு என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். கட்டையை ஓங்கும்போதெல்லாம் மறுபடி கசிந்துவிடுமோ என்று பயந்தாள்.

"மேஸ்திரி மீசைல குருவி கூடு கட்டிக்கினு கீது! முட்டை வுடறதுக்குள்ள தளத்தை முடிங்கடீ!" என்று கத்தினாள் பக்கத்தில் குந்தியிருந்த தேசம்மா.

வரிசையே குலுங்கியது. கெங்கம்மா பழக்கத்தில் தொடையை இறுக்கினாள். சிரிப்பு நிற்கவில்லை. சுண்ணாம்புத் தூசியில் தும்மலும் சேர்ந்து வந்தது. மெல்லக் கையைப் பின்னால் விட்டுப் புடவையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்தே இருந்தது. கண்தான் நனைந்தது.

"இன்னாடீ, சிரிச்சிக்கினே அழுவுற?" என்றாள் தேசம்மா.

"புடவை நனையலக்கா" என்றாள் கெங்கம்மா. பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

வரிசைக் கடைசியில் குப்பம்மாவின் கட்டை நின்றது.

"வலிச்சுதாடி?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"கொஞ்ச நாளு வலிச்சுது. இப்பவும் பலமா இருமினா ஒரு சொட்டு வரும். அதுனால இன்னா? நாலு பேரோட குந்திச் சிரிக்கிறேனே!"

"எனக்கும் கீதுடி. எங்காத்தா சாவற வரிக்கும் இதோட கிடந்தா. வாயத் தொறக்கல."

கெங்கம்மா அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். "நோவு வந்தது நம்ம தப்பில்லக்கா. வெக்கப்பட்டு அத மூடி வச்சதுதான் தப்பு. டாக்டரம்மாகிட்ட வாயத் தொறந்து சொல்லு. நாளைக்கே நான் கூட்டிக்கினு போறேன்."